நவராத்திரியோடு திறக்கும் நம் கலைக்கூடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பாட்டும் நடனமும் வாத்தியமும் சொல்லித் தரும், நீண்ட நாள் பூட்டிக் கிடந்த நம் கலைக்கூடம் இந்த நவராத்திரிக்குக் கதவு திறக்கிறது. வாட்ஸ்அப்பிலும் கோவில் வாசலிலும் மளிகைக் கடை வரிசையிலும் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

இத்தனை நாள் ஏன் பூட்டிக் கிடந்தது?

2020 மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது மற்ற மண்டபங்களைப் போலவே நம்முடையதையும் பூட்டினோம். கட்டுப்பாடு தளர்ந்து பிள்ளைகள் திரும்பி வர இருந்த நேரத்தில் கூரை ஒழுக ஆரம்பித்துவிட்டது. கோலாலம்பூர் மழை உங்களுக்குத் தெரியாததா? ஒரு மாலை கொட்டித் தீர்த்தாலே போதும். ஒழுகிய தண்ணீர் மேடைக்குள் இறங்கியது, ஈரம் கண்ட பலகையில் கரையான் ஏறியது, சுவரில் ஓடிய மின்கம்பிகளும் கெட்டன. கையில் காசு சேரச் சேர ஒவ்வொரு வேலையாக முடித்தோம். கடைசி வேலை தரை. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

திறப்பு விழாவுக்கு ஏன் நவராத்திரி? ஒரு பிரமுகரை அழைத்து ரிப்பன் வெட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடுமே?

ஒரே நாளில் முடிந்துவிடும் என்பதுதான் எங்களுக்கு வேண்டாததாக இருந்தது. ரிப்பன் வெட்ட ஒரு கை போதும். நவராத்திரிக்கு ஒன்பது மாலையும் கை வேண்டும்: படி அடுக்க, கோலம் போட, சுண்டல் தாளிக்க, பாட, ஆட, சுருதி பிடிக்க, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, இரவு பாத்திரம் கழுவ. மூடிக் கிடந்த இடத்துக்கு மறுபடி ஆள் பழக வேண்டும் என்றால் இப்படி ஒரு விழா வேண்டும்.

இன்னொரு காரணம் சரஸ்வதி பூஜை. புத்தகத்தையும் வாத்தியத்தையும் சலங்கையையும் சாமி முன் வைத்து வணங்கி, மறுநாள் விஜயதசமியன்று எடுத்துப் புதுப் பாடம் தொடங்குவது நம் வழக்கம். நின்றுபோன வகுப்புகளைத் திரும்ப ஆரம்பிக்க அதைவிட நல்ல நாள் எங்களுக்குத் தெரியவில்லை.

எந்த நாள், எத்தனை மணிக்கு?

புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசைக்கு மறுநாள் முதல் நாள். அதிலிருந்து ஒன்பது மாலைகள், பத்தாம் நாள் விஜயதசமி. மாலை ஆறு மணிக்குக் கதவு திறக்கும், பத்து மணிக்குள் முடித்துவிடுவோம். மறுநாள் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விஜயதசமி மட்டும் காலையில்.

ஒன்பது நாளும் ஒரே மாதிரி இருக்குமா?

இருக்காது. முதல் மூன்று நாள் துர்க்கைக்கு, அடுத்த மூன்று லட்சுமிக்கு, கடைசி மூன்று சரஸ்வதிக்கு என்ற வழக்கமான அமைப்பைத்தான் பின்பற்றுகிறோம். துர்க்கையின் நாட்களில் தோல் வாத்தியங்களும் சிலம்பமும். நடு மூன்று நாள் பெண்கள் குழுவின் கோலாட்டமும் கும்மியும். கடைசி மூன்று நாள் வாய்ப்பாட்டு, வீணை, பரதநாட்டியம். ஒன்பதாம் நாள் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலையைப் பாடுவார்கள். பத்தே பாட்டு. மனப்பாடம் செய்ய இப்போதே தொடங்கினால் சரியாக இருக்கும்.

எங்கள் வீட்டில் கொலு வைக்கும் பழக்கமே இல்லை. நாங்கள் வரலாமா?

தயங்கித் தயங்கி இதைக் கேட்டவர்கள் பலர். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

தாராளமாக வாருங்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்த நம்மில் பெரும்பாலோர் வீட்டில் கொலுப் படி கிடையாது. வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டில் அதற்கு இடமும் இல்லை, பொம்மை வாங்கக் காசும் இல்லை. அங்கே மாரியம்மன் கோவில் திருவிழாதான் பெரிய விழா. நம் பக்கத்து இலங்கைத் தமிழர் வீடுகளில் கும்பம் வைத்து வழிபடுவதே முக்கியம். அவர்கள் கோவில்களில் விஜயதசமியன்று வாழை வெட்டு நடக்கும். குஜராத்திக் குடும்பங்கள் கோல் எடுத்து ஆடுவார்கள், வங்காளிகள் துர்கா பூஜை செய்வார்கள். இதில் எது குறைந்தது? கொலு சில வீடுகளுக்கு மட்டும் சொந்தம் என்ற எண்ணம் இந்தக் கூடத்தின் வாசலோடு நிற்க வேண்டும் என்று நாங்கள் உறுதியாக நினைக்கிறோம். அதனால்தான் கொலுவின் பக்கத்திலேயே கும்பமும் வைக்கிறோம். வேப்பிலைக் கொத்தோடு மாரியம்மனும் அதே கூடத்தில் இருப்பாள்.

கொலு எப்படி அமையும்? எங்கள் பொம்மைகளைத் தரலாமா?

ஒன்பது படி. கீழ்ப்படியில் புல், செடி, மரம். மேலே போகப் போக நத்தையும் சங்கும், எறும்பு, நண்டு, பறவை விலங்கு, மனிதர், அப்புறம் அடியார்கள், உச்சியில் தெய்வங்கள். ஓரறிவு முதல் ஆறறிவு வரை தொல்காப்பியம் வகுத்த உயிர்களின் வரிசைதான் இது என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். மரப்பாச்சி ஜோடி கட்டாயம் உண்டு. பலசரக்குக் கடை விரித்து உட்கார்ந்திருக்கும் செட்டியாரும் உண்டு.

மனிதர் படியில் இந்த முறை நம் கதையை வைக்கிறோம். ஒரு பக்கம் ரப்பர் தோட்டம்: விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டும் பெண், மரத்தில் சாய்வாக இறங்கும் வெட்டுக்கோடு, அதன் அடியில் பால் சொட்டும் மங்கு என்ற கிண்ணம், பக்கத்தில் மரத்தில் உறைந்து ஒட்டிய ஒட்டுப்பாலைப் போடும் பை. மறு பக்கம் ரயில்வே குவாட்டர்ஸ். இந்த வட்டாரத்துக்குச் செங்கற்சூளைகளால் பேர் வந்தது, ரயில் வேலைக்கு வந்த நம்மவர்களால் தமிழ் வந்தது. சூளையும் தண்டவாளமும் இரண்டுமே படியில் இருக்கும். எல்லாம் பிள்ளைகள் அட்டையிலும் களிமண்ணிலும் செய்தவை. பெண்ணின் விரல் கொஞ்சம் பெரிதாக வந்திருக்கிறது, உளியைப் பிடித்திருக்கும் விதம் மட்டும் அப்படியே சரி. பால் வெட்டிய பாட்டி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார்.

பொம்மை தருவதாக இருந்தால் பெயரைப் பென்சிலில் அடியில் எழுதித் தாருங்கள். விழா முடிந்ததும் திருப்பித் தருவோம். உடைந்ததையும் தாருங்கள், ஒட்டி வண்ணம் தீட்ட ஆள் இருக்கிறது. விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து மறுநாள் படியைப் பிரிப்போம். எடுத்துப் போக வருவதென்றால் அந்த நாளில் வாருங்கள்.

உறுமி, பறையெல்லாம் சாமி விழா மேடையில் ஏற்றலாமா?

ஏற்றுவோம். முதல் நாளே ஏற்றுவோம்.

எங்கள் மனதுக்கு மிக நெருங்கிய பதில் இது. இந்த நாட்டில் காவடி எடுக்கும்போது காலை அசைய வைப்பது உறுமியின் அந்த இழுப்பு. அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் பையன்கள் யாரும் சொல்லித் தராமல், ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டு வாசிக்கிறார்கள். அவர்களைத் தைப்பூசத்துக்கு மட்டும் கூப்பிட்டு, மற்ற நாளில் சத்தம் போடுகிறார்கள் என்று விரட்டுவது நியாயமே இல்லை. பறையைத் தீட்டு என்று தள்ளி வைத்த பழைய கதையும் நமக்குத் தெரியும். மிருதங்கத்துக்குக் கிடைக்கும் அதே மேடை, அதே ஒலிபெருக்கி, அதே பொன்னாடை அவர்களுக்கும் உண்டு. திறப்புக்குப் பிறகு வாரம் ஒரு மாலை தோல் வாத்தியங்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். உறுமியின் வளைந்த குச்சியைத் தோலில் எந்தக் கோணத்தில் இழுத்தால் அந்த முனகல் வரும் என்பதை, வாசிக்கிற பையன்களே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார்கள்.

பார்வையற்றவர்கள் வந்தால் அவர்களுக்கு என்ன இருக்கிறது?

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. வெள்ளைக் கோலோடு நடப்பவர்களை நாம் தினமும் சந்திக்கிறோம். அப்படியிருக்க, கொலு கண்ணால் பார்ப்பதற்கு மட்டும் என்று விடலாமா?

வாசலுக்கு வலப்பக்கம் இடுப்பு உயரத்தில் ஒரு நீள மேசை போடுகிறோம். அதில் இருப்பதெல்லாம் தொடுவதற்கே. மரப்பாச்சி, பித்தளை விளக்கு, கல் யானை, வீணையின் குடம், கழற்றி வைத்த சலங்கை. கோலத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒரு பலகையில் புளியங்கொட்டைகளைப் புள்ளியாக ஒட்டி, அவற்றைச் சுற்றி மெல்லிய கயிற்றைச் சிக்குக்கோலமாக ஒட்டியிருக்கிறோம். ஒரு விரலைக் கயிற்றில் வைத்துத் தொடர்ந்தால், எடுக்காமலேயே எல்லாப் புள்ளியையும் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வரலாம். ஒத்திகையில் இதைத் தடவிப் பார்த்த ஒரு அண்ணன், ஒரு இடத்தில் கயிறு புள்ளியைச் சுற்றாமல் குறுக்கே போகிறது என்று கண்டுபிடித்தார். போட்டவர்கள் யாருமே கவனித்திருக்கவில்லை. பிரித்துத் திரும்ப ஒட்டினோம்.

நடன நிகழ்ச்சிக்கு முன்னால் என்ன கதை, எந்த இடத்தில் என்ன அபிநயம் என்று ஒருவர் சொல்லுவார். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் வாசலில் இருக்கும் தொண்டர்களிடம் சொல்லுங்கள்.

மலாய், சீன நண்பர்களை அழைத்து வரலாமா?

அவசியம். பூஜை நடக்கும் இடத்துக்கும் மேடைக்கும் நடுவில் இடம் விட்டிருக்கிறோம். வழிபாட்டில் கலந்துகொள்ள விரும்பாதவர்கள் நேரே மேடைப் பக்கம் உட்காரலாம், யாரும் தீபத்தட்டை நீட்டி நிற்க மாட்டார்கள். நாமும் அவர்களை வற்புறுத்தக் கூடாது.

மாலை 7 மணியை ஒட்டி முஸ்லிம்களின் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு ஒலிக்கும்போது மேளத்தையும் ஒலிபெருக்கியையும் நிறுத்துவோம், இரவுத் தொழுகையான இஷாவின் பாங்குக்கும் அப்படியே. முன்பும் இதைத்தான் செய்தோம்.

சீன நண்பர்களுக்கும் இது விசேஷமான நாட்கள். அவர்களுடைய ஒன்பது பேரரசர் விழா ஒன்பதாம் சீன மாதத்தின் முதல் ஒன்பது நாள், பல ஆண்டுகளில் நம் நவராத்திரியோடு சேர்ந்தே வரும். அவர்களும் அப்போது சைவம். அம்பாங்கில் இருக்கும் கோவிலுக்கு வெள்ளை உடையில் போய்விட்டு அப்படியே நம் கூடத்துக்கு வந்து சுண்டல் சாப்பிடுபவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இந்து அல்லாத பிள்ளைகள் இங்கே நடனம் கற்கலாமா?

கற்கலாம். ஒடிசி நடனத்தில் பேர் பெற்ற ரம்லி இப்ராஹிமுக்கு இந்திய அரசு 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தது. அவர் மலேசியர் என்பதில் நமக்கெல்லாம் பெருமை. உழைக்கிற எந்தப் பிள்ளைக்கும் இடம் உண்டு.

பக்கத்திலேயே டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறதே, இன்னொரு கூடம் எதற்கு?

சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-இல் தொடங்கிய அந்தக் கலை நிறுவனத்தின் மேல் எங்களுக்குப் பெரிய மரியாதை. நம் ஆசிரியர்களில் சிலர் அங்கே பயின்றவர்கள்தான். பெரிய நாட்டிய நாடகங்களை அவர்கள் செய்கிறார்கள். நம் கூடம் சிறியது. அம்மா அப்பா இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு, மாடியிலிருந்து இறங்கித் தானாக நடந்து வரும் பிள்ளைக்கு ஒரு இடம் வேண்டும். அதற்காகத்தான் இது.

தாம்பூலம் சுமங்கலிகளுக்கு மட்டுமா?

வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, ஒரு ரவிக்கைத் துணி. வருகிற பெண்கள் எல்லோருக்கும் கொடுப்போம். கணவரை இழந்தவர்கள், மணமாகாதவர்கள், பிரிந்து வாழ்பவர்கள் என்று வரிசை பிரிக்க மாட்டோம். தட்டைப் பிடித்து நிற்கும் தொண்டர்களுக்கும் இதைச் சொல்லிவிட்டோம். ஒன்பது நாளும் அம்மனைப் பெண்ணாகக் கும்பிட்டுவிட்டு, எதிரில் நிற்கும் ஒரு பெண்ணை மட்டும் தாண்டிப் போக எங்களால் முடியாது. வாங்க விருப்பமில்லாதவர்கள் வேண்டாம் என்றால் போதும், காரணம் கேட்க மாட்டோம்.

மாதவிலக்கு நாளில் மகள் ஆடலாமா என்று கேட்ட தாய்மாருக்கும் அதுவேதான் பதில். உங்கள் வீட்டு முடிவு அது. நாங்கள் கேட்கவும் மாட்டோம், தடுக்கவும் மாட்டோம்.

சாப்பாடு உண்டா?

சுண்டல் உண்டு, தினம் ஒரு வகை. கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, காராமணி, மொச்சை, பட்டாணி என்று மாறி மாறி வரும். வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல். சமையலறையில் இறைச்சி, மது எதுவும் நுழையாது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே கேளுங்கள், அது போட்ட நாளன்று தனியாக எழுதி வைப்போம்.

சமைத்துத் தர விரும்பும் அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். தேங்காய்த் துருவலைக் கலந்து கொண்டு வராதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் மாலைக்குள் சளித்துவிடும். தனி டப்பாவில் தாருங்கள், பரிமாறும்போது தூவிக்கொள்கிறோம்.

கற்பூரம், குத்துவிளக்கு?

குத்துவிளக்கு உள்ளே. கற்பூரமும் சாம்பிராணியும் வாசல் முற்றத்தில் மட்டும், ஏனென்றால் உள்ளே புகை உணரும் கருவி புதிதாகப் பொருத்தியிருக்கிறது. ஆடும் பிள்ளைகள் தாவணி, பட்டுப் பாவாடையோடு விளக்கின் பக்கம் ஓடாமல் பெற்றோர் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரைக்கு ஏன் அவ்வளவு செலவு? பழைய தரை நன்றாகத்தானே இருந்தது?

பார்க்க நன்றாக இருந்தது. சிமெண்டின் மேல் நேரடியாக ஓடு பதித்த தரை அது. முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்து, காலைத் தரையில் தட்டும் தட்டடவு போடும் பிள்ளை ஒரு வகுப்பில் எத்தனை முறை காலைத் தட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். சிமெண்டு அந்த அடியைத் துளியும் வாங்காது, அத்தனையும் குதிகாலுக்கும் முழங்காலுக்கும் இடுப்புக்கும்தான் போகும். பதினைந்து வயதில் முழங்காலில் பட்டை கட்டி ஆடிய பெண்களைப் பார்த்து எங்களுக்கு மனம் கேட்கவில்லை.

இப்போது சிமெண்டின் மேல் மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்து, அதன்மேல் பலகை பரப்பியிருக்கிறது. தட்டும்போது பலகை மயிரிழை அமுங்கி எழும். ஓசையும் மாறிவிட்டது: முன்பு சட்டென்று அடங்கியது, இப்போது அடியிலிருந்து கணீரென்று திரும்பி வருகிறது, நட்டுவனார் தட்டுக்கழியின் ஓசையோடு சேர்ந்து கேட்கிறது. செருப்போடு மட்டும் யாரும் ஏற வேண்டாம். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு ஓரமாகச் சரிவுப் பாதை இருக்கிறது, அதில் சக்கரம் ஏறலாம்.

பழைய வாத்தியங்கள் என்ன ஆயின?

வீணைகள்தான் அதிகம் பட்டன. வீணையின் 24 மெட்டும் மெழுகில் பதிந்திருப்பவை. காற்றில்லாத வெப்ப அறையில் மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்திருந்தன, எல்லாவற்றையும் புதிதாக மெழுகு கட்டி நிறுத்த வேண்டியிருந்தது. மிருதங்கங்களின் பலாக்கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. தோலில் பூஞ்சணம் பிடித்து, வார் தளர்ந்து, வலப்பக்க முகமான வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்புப் பூச்சு, அதாவது கரணை, துண்டு துண்டாக உதிர்ந்திருந்தது. சோறும் கறுப்புக் கல்பொடியும் சேர்த்து அரைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்து உலர்த்திக் கரணை போடுபவர்கள் இங்கே மிகக் குறைவு. முதலில் இரண்டைச் சரி செய்தோம், மற்றவை வரிசையில் இருக்கின்றன. வீட்டில் வாசிக்காமல் மிருதங்கம் வைத்திருப்பவர்கள் கொடுத்து உதவினால் நன்றாக இருக்கும். இடந்தலையில் ஒட்டிய ரவையைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தாருங்கள், அப்படியே விட்டால் எறும்பு தோலையும் சேர்த்துக் கடிக்கும்.

விஜயதசமி அன்று குழந்தைக்கு எழுத்து ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம். தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, தாத்தாவோ பாட்டியோ அம்மாவோ மடியில் உட்கார வைத்து, குழந்தையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைப்பார்கள். மலையாளக் குடும்பங்கள் அவர்கள் முறைப்படி ‘ஹரிஸ்ரீ’ எழுதட்டும், அதற்கும் ஆசிரியர் இருக்கிறார். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து இன்று வரை இந்த மண்ணில் தமிழ் எழுத்து தொடர்ந்து வருகிறது. மலாய்ப் பள்ளிக்குப் போகப் போகிற பிள்ளையாக இருந்தாலும் முதல் எழுத்தை இங்கே எழுதிவிட்டுப் போகட்டும் என்பது எங்கள் ஆசை.

குழந்தை அழுதால் விட்டுவிடுங்கள். கொஞ்சம் விளையாடிவிட்டு வந்து எழுதும். நண்பகல் வரை ஆசிரியர்கள் இருப்பார்கள்.

கட்டணம்?

ஒன்பது நாளுக்கும் இல்லை. உண்டியல் வாசலில் இருக்கும். வகுப்புக்கு மாதக் கட்டணம் உண்டு. கட்ட முடியாதவர்கள் ஆசிரியரிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், எந்தப் பிள்ளையையும் இதற்காகத் திருப்பி அனுப்ப மாட்டோம்.

எப்படி வருவது?

கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்து வரலாம், துன் சம்பந்தன் மோனோரயில் நிலையமும் பக்கம்தான். காரை விட்டுவிட்டு வந்தால் நல்லது. தீபாவளி நெருங்கும் நாட்களில் லிட்டில் இந்தியாவில் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நிகழ்ச்சி முடிந்துவிடும். அண்டை வீட்டு வாசலை மறித்து நிறுத்த வேண்டாம், இரவில் அவசரத்துக்கு அவர்கள் வெளியே போக வேண்டியிருக்கும்.

வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

குடை. தண்ணீர் போத்தல். செருப்பைப் போட்டு வைக்க ஒரு துணிப் பை, ஏனென்றால் செருப்பு அடுக்கு இன்னும் வந்து சேரவில்லை. பாட விருப்பமிருந்தால் உங்கள் சுருதி என்ன என்று தெரிந்துகொண்டு வாருங்கள். தினமும் கடைசி அரை மணி நேரம் மேடை வந்தவர்களுக்கே, பெயர் கொடுத்தால் பாடலாம்.